கிணற்றுத் தண்ணீர் மேல் பழி

12-2-1978, ஞாயிறு

என் கிணற்றுத் தண்ணீர் மேல் பழி போட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மருமகள் வேதா என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு நடந்த அநியாயம் இது.

கலாவுக்கு இரண்டு வயது. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். சொறிந்து சொறிந்து ரத்தம். டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவினால் நாலு நாள் அடங்குகிறது, பிறகு பழையபடி. உப்புத் தண்ணீர்தான் காரணமாம். ஐம்பது வருஷமாக நான் குளிக்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

17-2

மகன் சகாதேவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே குழந்தைக்கு ஆறிவிட்டதாம். "வேதா இனிமே இங்க வரமாட்டாளாம்ப்பா. நானும் அங்கயே வீடு பாக்கறேன்." நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்.



20-2

புது டின் இரண்டில் என் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி பஸ் ஏறினேன். "ஏன் பெருசு, கீழ்பென்னாத்தூர்ல தண்ணியே இல்லியா?" என்றான் கண்டக்டர். இரண்டு டின்னையும் காலுக்கு நடுவில் இழுத்துவைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் நான் இங்கேயே தங்குகிறேன், இந்தத் தண்ணீரில்தான் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும் என்றேன். வேதா டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி மாமா. சொறிஞ்சா அப்புறம் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

22-2

ஒரு கீறல் இல்லை.

23-2

ஜெயித்தேன். வேதாவும் ஒத்துக்கொண்டாள், பெட்டி கட்டினாள். அந்தச் சந்தோஷத்தில், வீட்டிலிருந்து கொண்டுபோன பாவாடை சட்டையை நானே கலாவுக்குப் போட்டுவிட்டேன். நான் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டது. எங்கள் வீட்டில் துணி என் பொறுப்பு. அட்டை மாதிரி விறைத்து நிற்கவேண்டும் எனக்கு.

பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் கலா கழுத்தைப் பிறாண்டிக்கொண்டாள். முழங்கை மடிப்பில் ரத்தம். வேதா அங்கேயே சட்டையைக் கழற்றினாள். கழுத்துப் பட்டியை விரலால் தடவிப் பார்த்து என்னிடம் நீட்டினாள். "அன்னிக்கே சொன்னேனே மாமா, கொழந்த துணிக்குக் கஞ்சி வேணாம்னு."

சொன்னாளா? எனக்கு நினைவில்லை.

இல்லை— நல்லா நெனவிருக்கு. கந்தல் கட்டிக்கிட்டுத் திரிய இது என்ன சத்திரமான்னு நான்தான் அவ வாய அடைச்சேன்.

தனியாகத் திரும்பினேன்.

24-2

தண்ணீர் மேல் குற்றமில்லை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி நடக்கவேண்டியது:

கலாவின் துணி எல்லாவற்றையும் கஞ்சி போகும்வரை அலசவேண்டும். நான். இன்றே.

குளிப்பாட்டியதும், ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய். வேதா அங்கே செய்கிறாள், இங்கேயும் செய்வாள்.

நகம் வளரவிடக் கூடாது. சகாதேவன். வீடு தேடுவதையும் அவன் நிறுத்தவேண்டும்.

கீழ்பென்னாத்தூர் போய் அவர்களை அழைக்கவேண்டும். அவனை அனுப்பினால் சரிவராது. நான்தான் போகவேண்டும், வேதாவிடம் நான்தான் பேசவேண்டும்.

என் சட்டைகளுக்கும் இனிக் கஞ்சி கிடையாது. கலா கன்னம் வைத்துத் தூங்குவது என் தோளில்.