யாரும் பட்டனை அமுக்காதீங்க

கிறிஸ்துவுக்குள் என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். வழக்கத்துக்கு எழுதும் வார்த்தை இல்லை இது, உண்மையாகவே சுகமாக இருக்கிறேன். மாப்பிள்ளையும் குட்டியும் எப்படி? குட்டிக்குத் தடுப்பூசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது என்றாயே, வற்றிவிட்டதா?

அப்பாவை நல்லபடியாக அடக்கம் பண்ணினோம். தம்பிதான் ஓடியாடி எல்லாம் பார்த்தான். மழை வரும் போல மிரட்டியது, வரவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பாவோடு லிப்ட் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வந்து, பெட்டியை நாங்கள்தான் தூக்குவோம் என்று நின்றுவிட்டார்கள். "எத்தனை பேரை மேலே ஏத்தி விட்டிருப்பாரு! இன்னிக்கு ஒரு தடவை நாங்க தூக்குறோம்மா" என்றார் அவர்களில் பெரியவர். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

போனில் நீ, "அழுதுடும்மா, உள்ளேயே வச்சுக்காதே" என்றாய். பக்கத்து வீட்டுத் தையற்காரியும் அதையேதான் சொல்கிறாள். தினமும் வந்து எதிரில் உட்கார்ந்து, எப்போது அழுவேன் என்று என் முகத்தையே பார்க்கிறாள். எனக்கோ பசிக்கிறது. படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். புருஷனைப் புதைத்த வாரத்தில் இப்படியா என்று நாலு பேர் பேசலாம். உன்னிடம் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஞாபகம் தவறியது உனக்குத் தெரியும். நான் எதற்குப் பயந்தேன் என்பது தெரியாது. வீட்டுக்குள் என்ன ஆனாலும் நான் பார்த்துக்கொள்வேன். சட்டையைத் தலைகீழாகப் போடட்டும், சோப்பைப் பிரிட்ஜில் வைக்கட்டும். ஆனால் சபையில் அவர் மூப்பர். அவர் ஜெபிக்க எழுந்தாலே பசியோடு இருப்பவர்களுக்கு முகம் மலரும். நாலு வாக்கியம், ஆமென். 'சுருக்கு மூப்பர்' என்று பெயரே வைத்துவிட்டார்களே! சண்டை போட்டுக்கொண்டு வரும் புருஷன் பெண்டாட்டிக்குக்கூட புத்தி சொல்ல மாட்டார். இரண்டு பேரையும் கொட்டித் தீர்க்க விட்டு, கடைசியில் "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்பார். பாதிச் சண்டை அங்கேயே அவிந்துபோகும். அந்த மனுஷன் எல்லோர் முன்னாலும் பேந்தப் பேந்த விழித்து நிற்கக்கூடாது, யாரும் சிரித்துவிடக்கூடாது. இதுதான் என் பயம்.

அதனால் கடைசி பெஞ்சில் உட்காருவோம். யாராவது அவரிடம் பேச வந்தால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். போதகரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, "அவரை ஜெபிக்கக் கூப்பிட்டுடாதீங்க ஐயா" என்று கேட்டுக்கொண்டேன். அவரும் கூப்பிடவில்லை.

போன மாசம் ஒரு ஞாயிறு, யாரும் கூப்பிடாமலே எழுந்துவிட்டார். கையைப் பிடித்தேன், உதறிவிட்டு நடந்தார். நேராக மைக்குக்கு. கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே" என்றார். அதற்குமேல் வரவில்லை. சபை முழுக்கத் தலை குனிந்து காத்திருந்தது. ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. அப்போது பின்னால் யாரோ தெருச் சத்தம் கேட்காமல் இருக்கக் கதவைச் சாத்தினார்கள். அப்பா சட்டென்று கண்ணைத் திறந்தார். வேலையில் பேசுகிற குரலில் பேசினார்.

"யாரும் பட்டனை அமுக்காதீங்க. உள்ளே ஆள் இருக்கு. பயப்படாதீங்கம்மா, நான் இங்கேதான் நிக்கிறேன். கதவு திறக்கிற வரைக்கும் போக மாட்டேன்."

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து அப்படித்தான் சொல்வாராம். சொல்லிவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் தலை நிமிரவில்லை. யாரும் சிரிக்கவில்லையடி. போதகர் "ஆமென்" என்றார். பிறகு சபையே சொன்னது. வெளியே வரும்போது தையற்காரி என் தோளைத் தட்டி, "இன்னிக்கும் சுருக்கமாத்தானே முடிச்சாரு!" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் என் தோளிலிருந்து மூட்டை இறங்கியது. அதற்குப் பிறகு சபையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து அவரோடு உட்கார்ந்தார்கள். நான் மத்தியானத்தில் படுத்தேன். கடைக்குத் தனியாகப் போய், அவசரப்படாமல் காய் பொறுக்கினேன். அது எவ்வளவு பெரிய சுகம் என்று உனக்குப் புரியாது, புரியவும் வேண்டாம்.

வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்து, புண் வந்து, முனகி முனகிப் போய்விடக்கூடாது என்று நான் வேண்டாத நாள் இல்லை. அப்படி நடக்கவில்லை. காலையில் டீ குடித்தார். நான் பட்டன் போட்டுவிடும்போது, "உனக்குக் கை வலிக்கும், விடு" என்று தானே போட்டுக்கொண்டார். வெயில் விழும் நாற்காலியில் சாய்ந்தார். பாத்திரம் கழுவி வருவதற்குள் முடிந்திருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

இப்போது உன் விஷயம். கடைசியாகப் பேசியபோது அப்பா உன்னை "யாருங்க நீங்க?" என்று கேட்டதும், நீ அழுதபடி போனை வைத்ததும் உன் மனதில் முள்ளாகக் கிடக்கிறது என்று தம்பி சொன்னான். அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். போனை என் கையில் கொடுத்து, "யாரோ ஒரு பொண்ணு, பாவம், அழுகுது. நம்ம பொண்ணு ஸ்கூல்ல இருந்து வரட்டும், பேசச் சொல்லலாம். அவ பேசினா யாரா இருந்தாலும் சிரிச்சிடுவாங்க" என்றார். சாயங்காலம் சீப்பை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் காலை ஷிப்ட் இருந்த நாளெல்லாம் உனக்கு ஜடை போட்டது அவர்தானே? வயர் முறுக்குகிற மாதிரி இறுக்கிப் பின்னி, உன் கண் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும்! அன்று அவர் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. வரப்போகிற ஆளுக்காகச் சந்தோஷமாகக் காத்திருந்த முகம் அது. உன் குரல்தான் அவருக்கு மறந்தது. உன்னை அவர் மறக்கவில்லை. இதை நம்பு.

அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று இனி சொல்லாதே. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி வருவாய்? ஒழுங்காகச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

குட்டிக்குப் பேச்சு வரும்போது போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் வை. என்ன நேரமானாலும் பரவாயில்லை. தம்பி வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் என்னைக் கூப்பிட ஆள் இல்லையம்மா.

உன் அம்மா