சுண்ணாம்பு பூசிய சிப்பாய்

அக்டோபர் 26, ஞாயிறு

கையில் இன்னும் சுண்ணாம்பு வாடை போகவில்லை. தூக்கமும் வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எங்கள் குடும்பக் கல்லறைக்கு வெள்ளை அடிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் பழைய போர்க்காலச் சிப்பாயின் கல்லுக்கும் ஒரு கை பூசிவிடுவோம். முன்பு அப்பா பூசினார், இப்போது நான். அவனுக்கென்று வர யார் இருக்கிறார்கள்?

இன்று மாட்டுங்காவிலிருந்து வரும் சார் பட்டியலோடு வந்தார். கல்லறை கல்லறையாகப் போய்ப் பழைய போர்ச் சிப்பாய்களின் பெயரைக் குறித்துக்கொள்கிறவர். எங்கள் சிப்பாயைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"யாரும்மா இந்த வேலை பண்ணினது? எழுத்தே தெரியலையே. பெயர் தெரியாதவர்னுதான் எழுதணும்."

"நாங்கதான் சார். எழுதிராதிய. ஒரு மணி நேரம் பொறுங்க."

தண்ணீர் ஊற்றி ஊறவிட்டேன். மூங்கில் சீவலால் அடுக்கடுக்காகப் பெயர்த்தேன். சார் குடையோடு நின்றுகொண்டே இருந்தார். கடைசி அடுக்கு தேங்காய்ச் சில்லு மாதிரி முழுசாகக் கழன்று விழுந்தது. உள்ளே படை எண், தாமஸ் என்ற பெயர், வயது இருபத்திரண்டு. நேற்று வெட்டியது போல இருந்தது.

சற்றுத் தள்ளி, நாங்கள் பூசாமல் விட்ட வேறு மூன்று சிப்பாய்க் கற்களையும் சார் தடவிப் பார்த்தார். டிராம்பே கடல் பக்கத்து உப்புக்காற்று அவற்றில் ஓர் எழுத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. திரும்பி வந்து, கீழே கிடந்த சுண்ணாம்புச் சில்லை எடுத்துப் பார்த்தார். பிறகு பட்டியலையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதுங்கோ."

தாமஸ் என்று எழுதினேன். என் கையெழுத்து கோணல்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.