அடிமைக் குடிசையில் மணப்பெண் அறை

என் அன்பு பிலோ,

"சேவியராண்ட மட்டும் சண்டை போடாதீங்க, அவனை வுட்டா உங்களுக்கு யாரு கீறாங்க" என்று ஆஸ்பத்திரியில் கண்ணை மூடுவதற்கு முன்னால் உன் தம்பிக்காகக் கேட்டுக்கொண்டாய். போன ஞாயிறு வரை காப்பாற்றினேன்.

சேவியர் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அமெரிக்காவில், கரோலினா கடற்கரைப் பக்கம், ஒரு பழைய பண்ணை மாளிகையை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். நமக்காகப் போன ஞாயிறு ராயபுரத்தில் ஒரு வரவேற்பு. கேக் வெட்டியதும் கிளாஸைத் தூக்கி வாழ்த்துகிற டோஸ்ட் சொல்ல வழக்கம்போல என்னைத்தான் கூப்பிட்டார்கள். யார் மனமும் நோகாமல் பேசுகிறவன் என்று எனக்குத்தானே பெயர்?

மாளிகையைப் பற்றியும் ரெண்டு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னான் சேவியர். வெள்ளைக்காரன் காலத்து வீடு, பெருமையாக இருக்குமாம். வரலாற்று வாத்தியார் ஆயிற்றே, படித்துப் பார்த்தேன். படித்திருக்க வேண்டாமோ?

அது நெல் பண்ணை, பிலோ. அமெரிக்கா இங்கிலாந்துக்காரன் கையில் இருந்த காலம். ஆப்பிரிக்காவில் நெல் பயிரிடத் தெரிந்தவர்களைப் பிடித்துக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். சதுப்பை வெட்டிக் கரை கட்டியவர்கள் அவர்கள். தண்ணீரிலேயே நின்று காய்ச்சலில் செத்தவர்கள் அவர்கள். துரை? காய்ச்சல் மாதங்களில் குடும்பத்தோடு பட்டணத்துக்கு ஓடிவிடுவார். சேற்றில் கால் வைக்காத அந்த மனிதருக்குத்தான் மாளிகைக் கூடத்தில் ஆளுயரப் படம்.

வரவேற்பு ஹாலில் கல்யாண வீடியோ போட்டார்கள். வெள்ளைத் தூண்கள், பின்னால் வரிசையாகச் செங்கல் குடிசைகள். அடிமைகள் படுத்த இடம். ஒன்றுக்கு ஏசி போட்டு, ஆளுயரக் கண்ணாடி மாட்டி, மணப்பெண் அலங்கார அறை ஆக்கியிருக்கிறார்கள். வாசலில் 'பணியாளர் குடில்' என்று பலகை. பணியாளராம். கூலியும் கிடையாது, வெளியே போனால் சவுக்கடி, அவனுக்குப் பெயர் பணியாளர். மணலி ஆலைப் புகைக்கு மூக்கைப் பொத்துகிற நம் உறவுக்காரர்கள் அந்தக் குடிசையைப் பார்த்து சூப்பரா கீது என்றார்கள்.

என் முறை வந்தது. எழுதி வைத்ததை மடித்துப் பையில் போட்டுவிட்டு மணமக்களை வாழ்த்தினேன். பிறகு சொன்னேன்: "அந்தக் குடிசையிலயும் கல்யாணம் நடந்திருக்கு. சட்டப்படி செல்லாத கல்யாணம். துரைக்குப் பணம் தேவைப்பட்டா புருஷனை ஒரு ஊருக்கும் பெண்டாட்டியை ஒரு ஊருக்கும் வித்துடுவான். அவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த கிளாஸ்."

ஒருவரும் கிளாஸைத் தூக்கவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு சேவியர் கேட்டான்: "இன்னா மாமா, கல்யாண வூட்ல வந்து எழவு பேசறீங்க? எவனோ எப்பவோ செத்ததுக்கு நாம இன்னா பண்றது?"

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்குப் பதில் வந்தது. செத்தவனுக்காக அழ வேண்டாம் சேவியர், அவன் படுத்த இடத்தில் பவுடர் பூசாமல் இருந்தால் போதும். ஷீபாவின் முகம் வாடியதுதான் உறுத்துகிறது. தனியாகச் சொல்லியிருக்கலாமோ? சொன்னால் கேட்டிருப்பார்களா?

நேற்று சேவியர் ஆள் அனுப்பினான். நான் மன்னிப்புக் கேட்டால்தான் உன் நினைவுத் திருப்பலிக்கு வருவானாம். தப்பே செய்யாமல் எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகியவன் நான். இந்த ஒன்றுக்குக் கேட்க மாட்டேன், பிலோ. உன் பேச்சை மீறுகிறேன்.

அவன் வராவிட்டால் முன் பெஞ்சில் தனியாக உட்காருவேன். உன் பெயரைச் சொல்லி, பிரித்து விற்கப்பட்ட அந்தப் புருஷன் பெண்டாட்டிகளுக்காகவும் செபிப்பேன். இது சத்தியம்.

யாராலும் உன்னிடமிருந்து பிரித்து விற்கப்படாத
உன் புருஷன்,
சூசை