அட்டையில் இல்லாத மாத்திரை

மார்ச் 1, ஞாயிறு

தம்பியின் மாத்திரைப் பெட்டியை நிரப்பினேன். ஏழு நாள், மூன்று வேளை, இருபத்தொரு குழி. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, கொழுப்புக்கு இரவில் ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து, நாக்கின் அடியில் வைக்கிற சின்ன மாத்திரையும் உண்டு. அது என் கைப்பையில் இருக்கும். அவனை நம்பி எதையும் கொடுக்க முடியாது. மனைவியைப் பறிகொடுத்து என் வீட்டு மாடிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. நாற்பது வருடம் ஊர் ஊராகப் போய் நிலம் அளந்தவனுக்கு, தன் சாவிக்கொத்து எங்கே இருக்கிறது என்று தெரியாது.

மருந்து அட்டையையும் புதிதாக எழுதினேன். மருத்துவமனை ஆவணப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு இருந்தவள் நான். என் கையிலிருந்து ஒரு தப்பான தாள் வெளியே போனதில்லை. கான்வென்டில் சிஸ்டர் அடிக்கோலால் தட்டிப் பழக்கிய கையெழுத்து இன்னும் கோட்டை விட்டு இறங்கவில்லை. அட்டையின் கடைசி வரி: அவசரத்துக்கு அழைக்க — என் பெயர், என் எண்.

"இந்த மாதிரி ஒரு அட்டை எல்லார் வீட்டுலயும் இருந்தா எங்க வேலை பாதியாயிடும்மா" என்று போன முறை டாக்டரே சொன்னார். உண்மைதான். ஆனால் எல்லார் வீட்டிலும் நான் இல்லையே.

மார்ச் 4, புதன்

தம்பி புதுச் சட்டை வாங்கியிருக்கிறான். இளஞ்சிவப்பு. எதற்கு என்று கேட்டால் "சும்மாதான்க்கா" என்கிறான். அறுபத்தாறு வயதில் யாரும் எதையும் சும்மா வாங்குவதில்லை.

மார்ச் 7, சனி

சட்டையின் காரணம் இன்று தேநீருக்கு வந்தது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ஐம்பத்தெட்டு இருக்கும். புருஷனை விவாகரத்து செய்து இருபது வருடமாம்; நான் கேட்காமலே சொன்னாள். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். ஜனவரியிலிருந்து தம்பி மூன்று கண்ணாடி மாற்றியிருக்கிறான். கண் இவ்வளவு வேகமாகக் கெடுமா என்று நான்கூட யோசித்தேன். கெட்டது கண் இல்லை.

"அக்கா, உங்க கண்ணாடி ஒரு பக்கமா சாயுது பாருங்க. கொண்டாங்க, நிமிர்த்தித் தரேன்" என்று என் முகத்தை நோக்கிக் கையை நீட்டினாள். என் முகத்தை நோக்கி.

"எனக்கு எல்லாம் நேராகத்தான் தெரிகிறது" என்றேன்.

அதற்கும் சிரித்தாள். நான் இவளுக்கு எந்த வழியில் அக்கா? என் பெற்றோருக்கு இரண்டே பிள்ளைகள், அதில் ஒன்று அசடு.

மார்ச் 11, புதன்

தம்பியின் கண்ணாடிக் கூடு கூடத்து மேசைமேல் கிடந்தது. கண்ணாடியைத் துடைத்து வைக்கலாம் என்று திறந்தேன். உள்ளே துணிக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை. நான்கில் ஒன்று காலி.

"இது என்ன?"

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. "அதுவா... கண்ணுக்குக்கா. வைட்டமின்."

"யார் எழுதிக் கொடுத்தது?"

"வக்கீல் கொடுத்தான். அவனும் போடறான்."

வக்கீல் என்பது சனிக்கிழமைச் சீட்டாட்டத்துக்கு வருகிற இவன் நண்பர். ஆயுள் முழுக்க வழக்கில் தோற்றவர், ஓய்வுபெற்ற பிறகு வைத்தியம் பார்க்கிறார் போலிருக்கிறது.

அவன் குளிக்கப் போனதும் பூதக்கண்ணாடி வைத்துப் பெயரைப் படித்தேன். ஆயிரக்கணக்கான கேஸ் தாள் பார்த்தவள். சில்டெனாஃபில் எந்த வைட்டமின் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சீ.

மார்ச் 12, வியாழன்

நம் தெருக் கடைக்குப் போகாமல் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிற மருந்துக்கடைக்குப் போனேன். பெயரைத் துண்டுத் தாளில் எழுதி, மடித்து நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இதைச் சாப்பிடுகிறார். குடிப்பழக்கமும் உண்டு. ஒன்றும் ஆகாதா?"

தாளைப் பிரித்தவள் கடை முழுக்கக் கேட்கும்படி, "ஓ, ஆண்மைக்குறைவு மாத்திரையா பாட்டி?" என்றாள். இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமுவதை நிறுத்திவிட்டார்.

ஆனாலும் பாடத்தைச் சரியாகத்தான் சொன்னாள். இந்த மாத்திரை ரத்தக்குழாயை விரிக்கும், மதுவும் விரிக்கும். எப்போதாவது கொஞ்சமாகக் குடித்தால் பல பேருக்கு ஒன்றும் ஆவதில்லையாம். அளவு கூடினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், தலை சுற்றும், எழுந்த வேகத்தில் விழுவார்கள். ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் மோசம்.

"அதோட, எதுக்காக இதப் போடறாரோ அந்தக் காரியத்தையே குடி கெடுத்துடும் பாட்டி."

எனக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை.

கிளம்பும்போது கூப்பிட்டுக் கேட்டாள். "அவருக்கு நெஞ்சுவலிக்கு நாக்கு அடியில வைக்கிற மாத்திரை ஏதாவது இருக்கா?"

"இருக்கிறது" என்றேன்.

அந்தப் பெண்ணின் குரல் அப்போதுதான் இறங்கியது. "அப்ப இது கூடவே கூடாது. குடிச்சாலும் குடிக்காட்டியும். ரெண்டும் சேர்ந்தா பிரஷர் பாதாளத்துக்குப் போயிடும், உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே போய்ச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

எப்படிச் சொல்வது?

சீட்டு எழுதிப் பார்த்தேன். "அன்புள்ள தம்பி, உன் கண்ணாடிக் கூட்டில் இருக்கும் பொருளைக் குறித்து" — கிழித்தேன். "நீ சாப்பிடும் வைட்டமினும் நெஞ்சுவலி மாத்திரையும்" — வைட்டமின் என்று நானே எழுதினால் அந்தப் பொய்க்கு நான் முத்திரை குத்தியது போல ஆகாதா? அதையும் கிழித்தேன். மூன்றாவதில் நேராகப் பெயரை எழுதினேன். எழுதிய கையைப் போய்க் கழுவினேன். ஒரு அக்கா தம்பிக்கு எழுதக்கூடிய வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை.

என் கணவர் போய்ப் பதினோரு வருடம். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் இப்படி ஒரு பேச்சு எங்களுக்குள் வந்ததே இல்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தக் கண்ணாடிக்காரி சொல்லட்டும். அவளால் வந்த மாத்திரைதானே.

மார்ச் 15, ஞாயிறு

பெட்டியை நிரப்பினேன். அட்டையில் எதையும் சேர்க்கவில்லை. டாக்டர் பார்க்கிற தாள் அது.

மார்ச் 20, வெள்ளி

நாளை தம்பிக்குப் பிறந்தநாள். மதியச் சாப்பாட்டுக்கு வக்கீலும் கண்ணாடிக்காரியும் வருகிறார்களாம். என்னைக் கேட்டுச் சொல்லவில்லை, சொல்லிவிட்டுக் கேட்டான்.

வக்கீல் இன்றே ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வாசலில் இருவரும் பேசியது அடுக்களை ஜன்னலில் கேட்டது. "ஒரு ரவுண்டு உள்ள போனாதான்டா அது நல்லா வேலை செய்யும்." இரண்டு கிழங்களும் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளிச் சிரித்தன.

அப்போதே வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

மார்ச் 21, சனி

தம்பி ஆஸ்பத்திரியில். உயிரோடு இருக்கிறான்.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆவணம் என்றால் வரிசை வேண்டும்.

பிற்பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு. அதற்குள் தம்பி இரண்டு கிளாஸ் முடித்திருந்தான். மூன்றாவதை வக்கீல் ஊற்றும்போது கண்ணாடிக்காரி, "போதும்ங்க, சொன்னாக் கேளுங்க" என்று கிளாசின் மேல் கை வைத்தாள். கையை விலக்கிவிட்டுக் குடித்தான். நான் தட்டுகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டே காலுக்கு எழுந்தான். நாற்காலியைப் பிடித்தான், பிடித்த நாற்காலியோடு விழுந்தான். சட்டை தெப்பமாக நனைந்துவிட்டது. நெஞ்சை அமுக்குதுக்கா, அமுக்குதுக்கா என்றான்.

கைப்பையைத் திறந்தேன். நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரையைத் தொட்டேன். மூடிவிட்டேன். அந்த அளவுக்கு என் மூளை வேலை செய்தது. வாய்தான் செய்யவில்லை.

வக்கீலின் காரில் தெருக்கோடி கிளினிக்குக்குப் போனோம். பணியில் இருந்தவர் புது டாக்டர், இளைஞர். என்னென்ன மருந்து என்றார். கைப்பையில் வைத்திருந்த அட்டைப் பிரதியை நீட்டினேன். படித்ததும் அவர் முகம் தெளிந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். நல்ல ஆவணத்தைப் பார்த்தால் எல்லா டாக்டருக்கும் வருகிற முகம்.

"வேற ஏதாவது எடுத்துக்கறாராம்மா?"

"இவ்வளவுதான் டாக்டர்."

நான்தான் சொன்னேன். நர்ஸ் ரத்த அழுத்தக் கருவியை அவன் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் அட்டையைப் பார்த்தபடியே நாக்கு அடியில் வைக்கிறதை எடுங்க என்றார். நர்ஸ் இன்னொரு கையால் டிரேயைத் திறந்தாள். எனக்குத் தெரியும். அது என்ன செய்யும் என்று அந்த அறையில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. வக்கீல் நின்றார், வரிசையில் காத்திருந்த நாலைந்து பேர் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் கைப்பையின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லு, சொல்லேன்டி, என்ன போயிடும் உனக்கு — வரவில்லை.

"டாக்டர், அது வேண்டாம், நில்லுங்க" என்றாள் கண்ணாடிக்காரி. அதே தெருமுனைக் குரல். "அவர் காலைல சில்டெனாஃபில் போட்டிருக்கார். மேல மூணு கிளாஸ் குடிச்சிருக்கார். நெஞ்சு மாத்திரை இருக்குன்னு இப்ப இந்த அட்டையப் பாத்துத்தான் எனக்கே தெரியும், எங்கிட்ட அவர் சொல்லவே இல்ல."

டாக்டர் நர்ஸின் கையைப் பிடித்தார். கருவியைப் படித்தார்கள். மேல் எண் எழுபத்தெட்டு.

"இத வெச்சிருந்தா இங்கேயே முடிஞ்சிருக்கும்" என்றார். அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எழுபத்திரண்டு வயதுக்காரியை என்ன சொல்வார்?

காலைத் தூக்கி வைத்து, டிரிப் ஏற்றி, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உள்ளே ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நீ போ என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான். இதயத்துக்குப் புதிதாகச் சேதம் இல்லையாம்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"பதினொன்றாம் தேதியிலிருந்து."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்லியிருக்கலாமே."

இருவருமே ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு இதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம்.

அவள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகக் கடை பூட்டிக் கிடக்கிறதாம். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு அதெல்லாம் வேண்டாம்னு நூறு தடவ சொல்லிட்டேன்க்கா. சாயங்காலம் பக்கத்துல உக்காந்து பேச ஒரு ஆள் இருந்தாப் போதும் எனக்கு. இவருக்குத்தான் ஏதோ பரீட்சை எழுதற மாதிரி பயம். டாக்டரப் பாருங்கன்னா, எங்க டாக்டர் அக்காவுக்குத் தெரிஞ்சவர், வேற வினையே வேண்டாம்னுட்டார்."

என்னால்தான் டாக்டரிடம் போகவில்லை. இதை ஆவணத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"எப்படின்னா? வாயாலதான்" என்றாள். சிரிக்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

வக்கீல் பழங்களோடு வந்தார். தன்னிடம் இருக்கும் மாத்திரையை டாக்டரிடம் காட்டச் சொன்னேன், பெயரையும் சொன்னேன். முழுப் பெயரை, அடுக்களையிலிருந்து, கூடத்துக்குக் கேட்கும்படி. மனிதர் தேநீரை முடிக்காமலே கிளம்பிவிட்டார்.

சொல்ல அரை நொடிதான் ஆனது.

முப்பத்தாறு வருடத்தில் என் கணவர் என்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் போனது எத்தனை என்று இன்றுதான் முதல்முறையாக யோசித்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். பெட்டியை நிரப்பினேன். இந்த முறை அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து நிரப்பினேன். இரண்டு தப்பு. திருத்தினேன்.

அட்டையை மறுபடி எழுதினேன். கடைசியில் சிவப்பு மையில்: சில்டெனாஃபில் — கூடவே கூடாது. மது — டாக்டர் சொல்லும்வரை இல்லை. கோட்டை விட்டு ஒரு எழுத்தும் இறங்கவில்லை. பீரோவின் உள்பக்கம் ஒட்டியிருந்ததை எடுத்துவிட்டு, இதை ஃபிரிட்ஜ் கதவில், வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கிற உயரத்தில் ஒட்டினேன். தம்பி நெளிந்தான். நெளியட்டும்.

மாலை அவள் வந்தாள். அவள் பெயரை எப்படி எழுதுவாள் என்று கேட்டேன். இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவசரத்துக்கு அழைக்க என்ற வரியில் அவள் பெயர், அவள் எண். அதற்குக் கீழே என்னுடையது.

இரண்டாவது பிரதியை அவள் கைப்பையில் வைக்கக் கொடுத்தேன். படித்துப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, காம்பை வளைத்து, மாட்டிவிட்டாள்.

சாய்ந்துதான் இருந்திருக்கிறது.