மூன்றாம் வகுப்பு, இ பிரிவு

ஜூன் 14
மகளின் பள்ளி அறிக்கை வந்தது. "நன்றாகப் படிக்கிறாள். வகுப்பில் வாய் திறப்பதில்லை." கையெழுத்துப் போட்டுக்கொண்டே கணவர், "யார் பெத்த பொண்ணு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

ஜூன் 20
பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு. போகப்போவதில்லை. கூட்டம் போட்டு எதுவும் மேம்பட்டதற்கு இதுவரை சான்று பார்த்ததில்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் அதற்கு மேல் சொல்லக் கூடாது.

ஜூன் 28
கூட்டத்துக்கு வந்தது மூன்று பேராம். அதில் ஒருவர் விட்டுப்போன குடையை எடுக்க வந்தவர்.

சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். அவள் படிக்கும் ஆ பிரிவில் பதினெட்டுப் பிள்ளைகள். பெற்றோரில் பாதிப் பேராவது கூட்டத்துக்கு வராவிட்டால் பிரிவைக் கலைத்து அ பிரிவோடு சேர்த்துவிடுவார்கள். டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். பள்ளியில் இவள் பேசுவது அந்த ஒருவரிடம்தான். அதுவும் காதோரம்.

"டீச்சர் போயிட்டா நான் யாருகிட்டம்மா பேசுறது?"
"எல்லார்கிட்டயும் பேசலாமே."
"நீ பேசுறியா?"

ஜூலை 12
போனேன். மகளின் இடத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் பெஞ்சுக்குள் போகவில்லை, போனபின் வரவில்லை. பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், அவருக்கு இன்னும் மோசம்.

டீச்சருக்கு என்னில் பாதி வயது. வருகை எடுக்கத் தொடங்கினார். பெற்றோருக்கென்று தனிப் பதிவேடு கிடையாதாம். மாணவர் பதிவேட்டிலேயே எங்கள் பெயர்களை எழுதி, குழப்பம் வரக் கூடாதென்று அட்டையில் "3 இ" என்று போட்டிருந்தார். இருபது வருடமாகப் பிறருக்கு வருகை எடுத்தவள் நான். என் முறை வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன்?

வராதவர்கள் பிள்ளை எழுதிய விடுப்புக் கடிதம் தரவேண்டும். பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளை கையெழுத்து. இன்று வந்தது ஆறு பேர்.

ஜூலை 26
தேர்வுத்தாள் திருத்தும் வேலை. போகவில்லை.

ஜூலை 29
தெருமுனையில் லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, "இப்ப பரவாயில்லையாக்கா?" என்றார். எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் தலையாட்டினேன். மகளை விடப் போனபோது தெரிந்தது. வகுப்புப் பலகையில், "மாதிரிக் கடிதம்" என்ற தலைப்பின் கீழ், மகளின் கையெழுத்தில்:

"என் அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. ஆட்களைப் பார்த்தால்தான் முடியவில்லை. ஆகவே ஒரு நாள் விடுப்பு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் வலிக்கிறது.

ஆகஸ்ட் 9
பதினொரு பேர். கடிதங்களைப் பலகையில் ஒட்டுகிறார்கள் என்ற செய்தி பரவிவிட்டது. யாருக்கும் தன் பிள்ளை என்ன எழுதும் என்பதில் நம்பிக்கை இல்லை.

பின்வரிசையில் ஒருவர், வராத நண்பருக்காகக் குரல் மாற்றி "உள்ளேன்" என்றார். தலையைத் திருப்பாமலே, "அது அவர் இல்லை" என்று சொல்லிவிட்டேன். பழக்கதோஷம். டீச்சர் என்னை வகுப்புத் தலைவி ஆக்கிவிட்டார். பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுத வேண்டும்.

எழுதினேன். டிரைவர் பெயருக்கு மூன்று பெருக்கல் குறி.

"அக்கா, கணக்குல எப்படி உதவுறதுன்னுதான் கேட்டேன்."
"கையைத் தூக்கிட்டுக் கேளுங்க."

ஆகஸ்ட் 12
டீச்சர் போனில் அழைத்தார். குரலில் நடுக்கம். நான் பயந்துபோய் உட்கார்ந்தேன்.

டிரைவர் மகன் என் மகளிடம் போய், "உங்கம்மா எங்கப்பா பேரை போர்டுல எழுதிட்டாங்களாமே" என்று சண்டை பிடித்தானாம். இவள் எழுந்து, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "பேசினா எழுதத்தான் செய்வாங்க. அப்புறம் எதுக்குத் தலைவி?" என்றாளாம். இரண்டு பேரும் மதியம் வரை ஓயவில்லையாம்.

"நிறுத்தவே மனசு வரலை மேடம்."

நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் எதற்கும் தேவைப்படவில்லை.

செப்டம்பர் 6
பதினைந்து பேர். பாதிக்கும் மேல். இன்று பார்த்துப் பள்ளி ஆய்வாளர் வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் பதினைந்து பேரும் எழுந்து ஒரே ராகத்தில், "வ-ண-க்-க-ம் ஐ-யா." யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. "உக்காருங்க பிள்ளைங்களா" என்றார், பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே. எண்ணினார், கையெழுத்திட்டார், போனார். ஏழு நிமிடம்.

செப்டம்பர் 23
கல்வி அலுவலகக் கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது முறை படித்தும் அதையேதான் சொல்கிறது. ஆ பிரிவில் பெற்றோர் கூட்டம் நடந்ததற்குப் பதிவு எதுவும் இல்லை. ஆனால் புதிதாகத் தொடங்கிய இ பிரிவில் மாணவர் வருகை சிறப்பாக உள்ளது. எனவே ஆ பிரிவை இ பிரிவோடு இணைத்து, அதே ஆசிரியர் தொடர்ந்து நடத்தலாம்.

மாணவர் என்பது நாங்கள்.

கூடவே பதினைந்து புத்தகப் பைகள்.

செப்டம்பர் 25
உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றேன். டீச்சர் முகம் வாடியது. ஆனாலும் என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். எழுத்தர் பொறுமையாகக் கேட்டார்.

"சேர்த்ததுக்குப் படிவம் இருக்கும்மா. சேர்ந்தவங்க பெரியவங்கன்னு எழுத அதுல கட்டம் இல்லை."
"இதோ நான் நிக்கிறேனே. எனக்கு நாப்பத்தொன்பது வயசு."
அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வருகை மட்டும் குறையாம பாத்துக்கோங்க. அரையாண்டு எழுதலைன்னா பிரிவு நிக்காது."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். ரசீதில் "மாணவர் குறை" என்று முத்திரை.

அக்டோபர் 18
டிரைவருக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தேன். அவர் எனக்கு வரைபடத்தில் நதிகளை. எல்லா நதியையும் பாலத்தை வைத்தே சொல்கிறார்.

நவம்பர் 30
அரையாண்டுத் தேர்வு. கணக்கில் ஒரு பிழை விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 13
அறிக்கைகள் வந்தன, வீட்டுக்கு இரண்டு. இரண்டிலும் ஒரே குறிப்பு: "நன்றாகப் படிக்கிறார். பக்கத்தில் இருப்பவரோடு அதிகம் பேசுகிறார்."

அவளுடையதில் நான் உடனே கையெழுத்துப் போட்டேன். அவள் என்னுடையதை வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யாருகிட்டம்மா பேசின?"
"லாரிக்காரர்கிட்ட."
"அவர்தான் முதல்ல பேசினாரா?"

யோசித்தேன்.

"இல்லை" என்றேன். மூடியைக் கழற்றினாள்.