நங்கூரத்துக்கு டம்பெல் வேண்டாம்

கலேப்,

எனக்கு ஆறு மணி டூட்டி. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

இன்று ஏரிக்குப் போனால் படகுக்கு நங்கூரமாக டம்பெல்லைக் கட்டாதீர்கள், ஏரிச் சேற்றில் அது வழுக்கும். ராணிகஞ்ச் கடையில் கொக்கி நங்கூரமும் சங்கிலியும் நூற்றிருபது அடி நைலான் கயிறும் வாங்கி, கதவோரப் பையில் வைத்திருக்கிறேன். முப்பதடி போதும் என்றீர்கள். தண்ணீரே இருபதடி ஆழம். கயிறு நீளமாகக் கிடந்தால்தான் கொக்கி மண்ணைப் பிடிக்கும். படகின் முன்பக்கம் கட்டுங்கள்.

போன ஞாயிறு நீங்கள் தூங்கியபோது படகு மதகுப் பக்கம் இழுபட்டது. எழுப்பினேன். "நக்கோ, வேண்டாம் பெர்சிஸ், சும்மா பயப்படாதே" என்று மறுபடி கண்ணை மூடினீர்கள். விழித்ததும், "பார், அதே இடம்தான்" என்று சிரித்தீர்கள். அதே இடத்துக்கு நான்தான் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்தேன். மறுநாளே ராணிகஞ்சுக்குப் போனேன்.

இன்று மதகைத் திறப்பார்களாம். உங்களைத் தடுக்க என்னால் முடியாது. ஜெமிமாவைக் கூட்டிப்போகாதீர்கள்.

பெர்சிஸ்

பி.கு. அன்று படகு இழுபட்டதை அவளும் பார்த்தாள். "மம்மி, கரையில அந்த டவர் ஏன் நடக்குது?" என்று கேட்டாள். டவரை நடக்கவைக்கும் விளையாட்டு என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதை விளையாட வேண்டுமாம். செருப்புப் போட்டுக்கொண்டே படுத்திருக்கிறாள்.