யார் பக்கத்துப் பிடிவாதம்?

வீட்டுத் தலைவரின் மேலான கவனத்திற்கு, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஓர் அறிவிப்பு: சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறது. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். சாவி டிவி பக்கத்தில்.

நேற்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நம் வாலுப் பெண்ணுக்கும் பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் சண்டையாம். “வாயே திறக்க மாட்டேங்குறாம்மா. எதுவா இருந்தாலும் சீட்டு எழுதி அந்தப் பொண்ணு பையில வச்சிடுறா” என்றார் டீச்சர். ஒன்றைக் காட்டவும் செய்தார். ‘டிபன் டப்பா உன் பக்கம் இருக்கிறது. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.’ கையெழுத்துதான் அவளுடையது. வாசகம் நம்முடையது.

பரம்பரைக் குணம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒன்று. உங்கள் அண்ணன் உங்கள் அப்பாவோடு பேசி வருஷக்கணக்காகிறது. என் அம்மாவும் சித்தியும் ஒரே சோபாவில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவார்கள். ஆக, இரண்டு பக்கமும் சொத்துக்குக் குறைவில்லை. ஆனால் சீட்டு எழுத அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நாம் சீட்டு ஒட்டும் ஃபிரிட்ஜ் கதவு.

“வீட்டுல எல்லாரும் நல்லாப் பேசிக்குவீங்கல்ல?” என்று கேட்டார் டீச்சர். “ஓயாம பேசுவோம்” என்றேன். பக்கத்தில் நின்ற வாலு தரையைப் பார்த்தது.

பி.கு.: நாலு மணிக்கு அவள் வந்துவிடுவாள். நானும் இருப்பேன். அவள் காதில் விழும்படி என்னிடம் ஏதாவது கேளுங்கள். காபி வேண்டுமா என்றாவது.

இன்னொன்று: இதை எழுதும்போது நீங்கள் பக்கத்து அறையில்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.